வீடு மாறலாம், எண் மாற வேண்டியதில்லை

இடம்பெயர்ந்த குடும்பமொன்றிடம் முகவரி கேட்டால் பதில் ஒரு வரியில் வருவதில்லை. பிறந்த ஊர் ஒன்று, பதிவு இருக்கும் கிராம உத்தியோகத்தர் பிரிவு வேறொன்று, இன்று அடுப்பு எரியும் இடம் மூன்றாவதாக ஒன்று. வயல் இன்னொரு கண்டத்தில் கிடக்கும். அதன் பத்திரம் சட்டத்தரணியின் அலுமாரியில் இருக்கும். ஒலுவில் பக்கத்து மக்களுக்கு இது புதிய கதையல்ல. துறைமுகத்துக்காகக் காணி கொடுத்தவர்கள் இங்கு இருக்கிறார்கள். 2011இல் அஷ்ரப் நகரிலிருந்து வெளியேற நேர்ந்த விவசாயக் குடும்பங்கள் இருக்கின்றன. கடலரிப்பில் தென்னங்காணியை இழந்தவர்கள் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த அலை இந்தக் கரையோரம் முழுவதிலும் எத்தனை வீட்டு இலக்கங்களை அழித்துச் சென்றது என்பதை நாம் எவரும் மறக்கவில்லை.

இத்தனை மாற்றத்துக்கும் பின்னர் பலரிடம் மாறாமல் இருப்பது ஒன்றே. அதுதான் தொலைபேசி எண். பிரதேச செயலகத்தின் கோவையில் அந்த எண் இருக்கிறது. கமநல சேவை நிலையத்தில், வங்கியில், பிள்ளையின் பாடசாலையில், காணி வழக்கை நடத்தும் சட்டத்தரணியிடம் அதே எண் இருக்கிறது. சவூதியில் வேலை செய்யும் மகனும், தமிழ்நாட்டு முகாமில் தங்கிவிட்ட தங்கையும், கனடாவுக்குப் போன மச்சானும் மனப்பாடமாக வைத்திருப்பது அந்த எண்ணைத்தான். நட்டஈட்டு விசாரணைக்கு வரச்சொல்லும் அழைப்பு பழைய வீட்டுக் கதவைத் தட்டாது. அந்த எண்ணுக்கே வரும்.

இதனாலேயே எமது கிராமச் சந்திப்புகளில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. முதலாவது: "கம்பனியை மாற்றினால் எண்ணும் போய்விடுமா?" இரண்டாவது, வெளிநாட்டில் உறவினர் உள்ள குடும்பங்களிடமிருந்து வருவது: "அங்கே வீட்டுத் தொலைபேசியை இன்டர்நெட்டுக்கு மாற்றப்போகிறார்களாம். நாங்கள் இத்தனை வருடம் எடுத்த எண் இனி வேலை செய்யுமா?" இந்த இரண்டுக்கும் விடை ஒரே ஏற்பாட்டில் இருக்கிறது. எண்ணை ஒரு கம்பனியிலிருந்து இன்னொரு கம்பனிக்குப் பெயர்த்துக்கொண்டு போகும் முறை அது. அதனை இங்கு படிப்படியாகப் பார்ப்போம்.

எண் யாருடையது?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தொலைபேசி எண் கம்பனியின் சொந்தப் பொருளன்று. எமது சொந்தப் பொருளுமன்று. ஒரு நாட்டின் எண்கள் அனைத்தும் அரசின் திட்டத்துக்குள் அடங்கியவை. இலங்கையில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும், 1996இல் வந்த அதன் திருத்தமும் இத்துறையை ஒழுங்குபடுத்துகின்றன. அந்தத் திருத்தத்தின் மூலமே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு உருவானது. எண்களைத் தொகுதி தொகுதியாகக் கம்பனிகளுக்கு ஒதுக்கிக் கொடுப்பது ஆணைக்குழுவின் வேலை. கம்பனி அதிலிருந்து ஒன்றை எடுத்து எமக்குத் தருகிறது.

எமது விவசாயிகளுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேமிட் காணி பெற்றவர்கள் எம்மிடையே பலர். அந்தக் காணியில் உழலாம், விதைக்கலாம், வீடு கட்டலாம். நினைத்தபடி விற்க முடியாது. ஆனாலும் முறைப்படி பேமிட் உள்ளவரை முறையின்றி எழுப்பிவிடவும் கூடாது. தொலைபேசி எண்ணும் ஏறத்தாழ அத்தகையதே. பாவிக்கும் உரிமை எமக்குண்டு. அந்த உரிமையைக் காட்டும் பத்திரம் கம்பனியிடம் உள்ள பதிவு. பதிவு வேறொருவர் பெயரில் இருந்தால், பேமிட்டில் வேறொருவர் பெயர் இருப்பது போலத்தான்.

எண்ணின் தலைப்பகுதி ஓர் இடத்தையோ ஒரு கம்பனியையோ காட்டும்படி அமைந்திருக்கிறது. கல்முனைப் பகுதியின் நிலையான தொலைபேசிகள் 067 என்று தொடங்குகின்றன, அம்பாறை நகரப் பகுதிக்கு 063, மட்டக்களப்புக்கு 065. கைத்தொலைபேசியில் 077 என்றால் டயலொக், 071 என்றால் மொபிட்டல் என்று சிறு பிள்ளையும் சொல்லும். இந்த அடையாளம்தான் எண்ணைப் பெயர்ப்பதில் உள்ள சிக்கலுக்கும் காரணம். எண்ணின் தலையைப் பார்த்தே அழைப்பு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று இயந்திரங்கள் தீர்மானித்து வந்தன. எண் வேறு கம்பனிக்குப் போய்விட்டால் தலையைப் பார்த்து வழி சொல்ல முடியாது.

கம்பனி மாறியது, எண் நின்றது

எண் நிலைத்திருக்கக் கம்பனி மாறுவதை நாம் ஏற்கெனவே கண்டிருக்கிறோம். 072 எண்ணைப் பாருங்கள். இலங்கையின் முதலாவது கைத்தொலைபேசிச் சேவையான செல்டெல் 1989இல் தொடங்கியது. பின்னர் அது டிகோ ஆயிற்று. 2010இல் எடிசலாட் ஆயிற்று. 2018இல் ஹட்ச் கம்பனியுடன் சேர்ந்தது. எண்ணை வைத்திருந்தவர் எங்கும் போகவில்லை, எண்ணும் மாறவில்லை. பெயர்ப்பலகை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. அவ்வாறே 2024இல் எயார்டெல் லங்கா டயலொக்குடன் இணைந்தபோது 075 எண்கள் அப்படியே தொடர்ந்தன.

இது கம்பனிகள் தம் வசதிக்காகச் செய்துகொண்ட மாற்றம். ஒரு பாவனையாளர் தன் விருப்பப்படி, தன் எண்ணைக் கையோடு எடுத்துக்கொண்டு இன்னொரு கம்பனிக்குப் போவது வேறு விடயம். அதற்குச் சட்டமும் வேண்டும். எல்லாக் கம்பனிகளும் சேர்ந்து பார்க்கும் ஒரு பொதுப் பதிவேடும் வேண்டும்.

கைத்தொலைபேசி எண்களுக்கு இந்த வசதி உலகில் முதலில் 1997இல் சிங்கப்பூரில் வந்தது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இதைக் கம்பனிகளின் கடமையாக்கியது. கைத்தொலைபேசிகளுக்கு 2003 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எமது அயலில் பாகிஸ்தான் 2007இல் தொடங்கியது. இந்தியாவில் 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. வங்காளதேசம் 2018 ஒக்டோபரில் தொடங்கியது. இலங்கையிலும் இதற்கான முயற்சி நெடுங்காலமாக நடந்து வந்துள்ளது. எனவே இங்கு எவராவது "எண்ணை மாற்றித் தருகிறோம்" என்று வந்தால், ஆணைக்குழுவிடமோ கம்பனியின் கிளையிலோ நேரில் விசாரித்து உறுதிசெய்த பின்னரே இறங்குங்கள். தெருவில் மேசை போட்டிருப்பவரின் வாய்ச்சொல் போதாது.

வட்டவிதானையின் பதிவேடு

எண் பெயர்ந்த பின்னர் அழைப்பு எப்படிச் சரியான இடத்துக்கு வந்து சேருகிறது? எமது வயல்களை வைத்தே இதை விளக்கலாம்.

ஒரு வயலுக்கு இதுவரை வடக்கு வாய்க்காலில் இருந்து தண்ணீர் வந்தது. இந்தப் போகத்தில் இருந்து தெற்கு வாய்க்காலில் இருந்து பாய்ச்ச முடிவாயிற்று. வயல் நகரவில்லை; அதன் இலக்கமும் மாறவில்லை. வட்டவிதானையின் பதிவேட்டில் "இன்ன வயலுக்கு இனித் தெற்கு வாய்க்கால்" என்று ஒரு வரி எழுதப்படுகிறது. மடை திறப்பவர் ஒவ்வொரு முறையும் அந்தப் பதிவேட்டைப் பார்த்தே தண்ணீரைத் திருப்புகிறார்.

தொலைபேசியிலும் இதுவே நடக்கிறது. எண்ணைப் பெயர்க்கும் வசதியுள்ள நாடுகளில், பெயர்ந்த எண்கள் அனைத்தும் ஒரு பொதுக் கணினிப் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. யாராவது உங்கள் எண்ணை அழைத்தால், அவருடைய கம்பனியின் இயந்திரம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அந்தப் பதிவேட்டைப் பார்க்கிறது. "இந்த எண் இப்போது இன்ன கம்பனியிடம்" என்ற பதில் கிடைக்கிறது. அழைப்பு அந்தப் பக்கம் திரும்புகிறது. அழைப்பவருக்கு இது எதுவும் தெரிவதில்லை. அவர் பழைய எண்ணை அழுத்துகிறார். நீங்கள் புதிய கம்பனியின் வழியாக எடுக்கிறீர்கள்.

ஆகவே பெயர்வது கம்பியோ கருவியோ அல்ல. பதிவேட்டில் உள்ள ஒரு வரி மாறுகிறது. பழைய சிம் அட்டையில் இருந்த மிகுதிக் காசும், வாங்கிய பெக்கேஜும் கூட வருவதில்லை. எண் மாத்திரமே வரும்.

இன்டர்நெட் அழைப்பு என்பது எது?

இன்டர்நெட் வழியாகப் பேசுவதில் இரண்டு வகை உண்டு. பலர் இரண்டையும் ஒன்றென எண்ணுவதால் குழப்பம் வருகிறது.

முதலாவது வகை வட்ஸ்அப், வைபர், இமோ போன்றவை. இவை எமது தொலைபேசி எண்ணை ஓர் அடையாளமாக மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. எண் தொடர்ந்து சிம் தந்த கம்பனியிடமே இருக்கிறது. வட்ஸ்அப்பில் இருப்பவர் வட்ஸ்அப்பில் இருப்பவரோடு பேசலாம். அதிலிருந்து பொலிஸின் 119க்கோ, 1990 அம்புலன்ஸ் சேவைக்கோ, கமநல சேவை நிலையத்தின் நிலையான தொலைபேசிக்கோ எடுக்க முடியாது.

இரண்டாவது வகை, உண்மையான தொலைபேசி எண்ணை இன்டர்நெட்டில் நடத்தும் சேவை. எந்தத் தொலைபேசியிலிருந்தும் அந்த எண்ணுக்கு எடுக்கலாம். அதிலிருந்து எந்தத் தொலைபேசிக்கும் பேசலாம். கம்பிக்குப் பதிலாக இன்டர்நெட் பாதையில் குரல் போகிறது என்பதே வேறுபாடு. பேச்சு மிகச் சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. பொதுவாக ஒரு செக்கனுக்கு 50 துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் போகவேண்டிய முகவரி எழுதப்பட்டு அனுப்பப்படுகிறது. மறுமுனையில் அவை ஒழுங்காகச் சேர்க்கப்பட்டுக் குரலாகின்றன. துண்டுகள் பிந்தினால் அல்லது தொலைந்தால் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். "குரல் உடைகிறது" என்று நாம் சொல்வது அதைத்தான்.

எண்ணைப் பெயர்த்தல் என்பது இந்த இரண்டாவது வகைக்கே உரியது. அமெரிக்காவின் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2007 நவம்பரில் ஒரு கட்டளை பிறப்பித்தது. பொதுத் தொலைபேசி வலையோடு இணைந்த இன்டர்நெட் சேவைகளும் எண்ணைப் பெயர்க்கும் கடமைக்கு உட்பட்டவை என்பதே அதன் சாரம். அதன்பின் வீட்டுக் கம்பித் தொலைபேசியின் எண்ணை இன்டர்நெட் சேவைக்கும், அங்கிருந்து இன்னொன்றுக்கும் எடுத்துச் செல்வது அங்கு பாவனையாளரின் உரிமையாயிற்று. பிரித்தானியாவில் பழைய செப்புக் கம்பித் தொலைபேசிச் சேவை 2027 ஜனவரியுடன் முடிவுக்கு வருவதாகத் திட்டமிடப்பட்டு, வீட்டுத் தொலைபேசிகள் இன்டர்நெட் பாதைக்கு மாற்றப்பட்டு வருகின்றன. லண்டனில் இருக்கும் உறவினர் உங்களிடம் சொல்வது இதைத்தான்.

படிகள் எவை?

நாட்டுக்கு நாடு படிவமும் நாட்களும் வேறுபட்டாலும், வேலையின் ஒழுங்கு ஏறத்தாழ ஒன்றே. வெளிநாட்டு உறவினருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஒன்று: புதிய கம்பனியிடம் முதலில் கேட்பது. "எனது இந்த எண்ணை உங்களால் எடுக்க முடியுமா?" எல்லாப் பகுதி எண்களையும் எல்லா இன்டர்நெட் கம்பனிகளும் எடுப்பதில்லை. "முடியும்" என்ற பதிலை எழுத்தில் பெறுவது நல்லது.

இரண்டு: பழைய கம்பனியிடம் உள்ள விபரங்களைச் சரிபார்ப்பது. பெயர், முகவரி, கணக்கு இலக்கம், இரகசிய இலக்கம் ஆகியன எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பில்லில் தகப்பனின் பெயர் இருக்க, விண்ணப்பத்தில் மகனின் பெயர் போனால் விண்ணப்பம் திரும்பிவிடும். அதிகமான விண்ணப்பங்கள் தடைப்படுவது இத்தகைய பொருத்தமின்மையால்தான். நிலுவைப் பணம் பற்றியும் இப்போதே கேட்டுத் தீர்த்துவிட வேண்டும்.

மூன்று: புதிய கம்பனிக்கு ஒரு சம்மதக் கடிதம் கொடுப்பது. "எனது எண்ணைப் பழைய கம்பனியிடமிருந்து எடுத்துக்கொள்ள அதிகாரம் தருகிறேன்" என்பது அதன் பொருள். அண்மைய பில்லின் பிரதியையும் கேட்பார்கள்.

நான்கு: புதிய கம்பனி பழைய கம்பனிக்கு விண்ணப்பிக்கும். அது விபரங்களைச் சரிபார்த்து, எண் மாறும் நாளை அறிவிக்கும். அமெரிக்காவில் சிக்கலற்ற ஒற்றை எண்ணுக்கு ஒரு வேலைநாள் என்பதே விதி. பல எண்கள் சேர்ந்திருந்தால் நாட்கள் கூடும்.

ஐந்து: குறித்த நாளில் பதிவேடு மாறும். உடனே வேறு வேறு தொலைபேசிகளில் இருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் இருந்தும் ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆறு: எல்லாம் சரியென்று கண்ட பின்னரே பழைய சேவையின் கணக்கை முடிக்க வேண்டும்.

இந்த ஆறாவது படியைத்தான் பலர் முதலாவதாகச் செய்துவிடுகிறார்கள். "எப்படியும் போகப்போகிறோம், இந்த மாதப் பில்லை ஏன் வீணாகக் கட்டுவது?" என்று பழைய இணைப்பை வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய எண் கம்பனியின் களஞ்சியத்துக்குத் திரும்பிவிடும். காலப்போக்கில் இன்னொருவருக்குக் கொடுக்கப்படும். உயிரோடு இருக்கும் எண்ணைத்தான் பெயர்க்கலாம். தென்னம்பிள்ளையைப் பெயர்த்து நடும்போது முதலில் குழியை வெட்டி, எருப்போட்டு, பிறகே பிள்ளையைக் கிளப்புகிறோம். கிளப்பி வெயிலில் போட்டுவிட்டுக் குழிக்கு இடம் தேடுகிறவர் எவருமில்லை.

இந்தியாவில் இருக்கும் உறவினர்கள்

தமிழ்நாட்டில் இருப்போரின் முறை சற்று வேறு. அங்கு இந்த வசதி கைத்தொலைபேசி எண்ணுக்கு மட்டுமே. பெயர்க்க விரும்புபவர் PORT என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டுத் தன் 10 இலக்க எண்ணையும் எழுதி 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். எட்டு எழுத்துக் குறியீடொன்று பதிலாக வரும். பெரும்பாலான பகுதிகளில் அது 4 நாட்களுக்கே செல்லுபடியாகும். அந்தக் குறியீட்டையும் அடையாளச் சான்றையும் புதிய கம்பனியிடம் கொடுத்தால், அவர்கள் புதிய சிம் தருவார்கள். ஒரே மாநில வட்டத்துக்குள் என்றால் 3 வேலைநாட்கள், வேறு வட்டத்துக்கென்றால் 5 வேலைநாட்கள் என 2019 டிசம்பரில் வந்த விதி சொல்கிறது. எண் குறைந்தது 90 நாட்களாவது பழைய கம்பனியில் இருந்திருக்க வேண்டும். பிற்கொடுப்பனவு இணைப்பானால் பில் கட்டியிருக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் இன்னொரு காவலும் சேர்க்கப்பட்டது. தொலைந்த சிம்முக்குப் பதில் புதிய சிம் எடுத்தவர், அடுத்த 7 நாட்களுக்கு எண்ணைப் பெயர்க்கக் குறியீடு பெற முடியாது. மற்றவர் பெயரில் சிம் எடுத்து, அவரது எண்ணையே கடத்திக்கொண்டு போகும் திருட்டைத் தடுக்கவே இந்த விதி.

அவதானிக்க வேண்டியவை

இன்டர்நெட் தொலைபேசி மலிவானது. தூரத்து உறவுகளைக் கிட்டக் கொண்டுவருவது. ஆனாலும் அதற்குச் சில பலவீனங்கள் உண்டு. தெரிந்துகொண்டே மாறுவது நல்லது.

மின்சாரம். பழைய கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வந்தது. ஊரில் மின்வெட்டு வந்தாலும் அது பேசிற்று. இன்டர்நெட் தொலைபேசி, வீட்டு மின்சாரம் நின்றவுடன் நின்றுவிடும். புயலும் வெள்ளமும் வரும் நாட்களில்தான் எமக்குத் தொலைபேசி அதிகம் தேவை. எனவே இவ்வாறு மாறுவோர், பற்றரியில் இயங்கும் சாதாரண கைத்தொலைபேசி ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும்.

அவசர அழைப்பு. கம்பித் தொலைபேசியிலிருந்து அவசர சேவைக்கு எடுத்தால் வீடு எங்கே என்பது கம்பியிலேயே தெரியும். இன்டர்நெட் தொலைபேசியை எந்த ஊருக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். ஆகவே இடம் தானாகத் தெரியாது. வெளிநாட்டில் இத்தகைய சேவை எடுத்தவர்கள் வீடு மாறும்போதெல்லாம் கம்பனியில் முகவரியை மாற்றிப் பதிய வேண்டும்.

வங்கிக் குறியீடு. வெளிநாட்டு வங்கிகள் பல, இன்டர்நெட் சேவை எண்களுக்கு இரகசியக் குறியீட்டைக் குறுஞ்செய்தியாக அனுப்புவதில்லை. வங்கியோடு இணைந்த எண்ணைப் பெயர்ப்பதற்கு முன் வங்கியில் கேட்டுவிட வேண்டும்.

நேரம். எண் மாறும் நாளில் சில மணி நேரம் அழைப்பு வராமல் போகலாம். நட்டஈட்டு விசாரணை, வழக்குத் தவணை, நெல் விற்பனை என்று முக்கிய அழைப்பை எதிர்பார்த்திருக்கும் வாரத்தில் இதைச் செய்ய வேண்டாம்.

திருட்டு. பெயர்ப்பதற்கான குறியீடும், வட்ஸ்அப் தொடங்கும்போது வரும் 6 இலக்கக் குறியீடும் வீட்டுத் திறப்பைப் போன்றவை. "தவறுதலாக உங்கள் போனுக்கு ஒரு நம்பர் வந்துவிட்டது, அதைச் சொல்லுங்கள் வாப்பா" என்று ஒரு குரல் கேட்டால் உடனே வையுங்கள். கேட்பது தெரிந்தவரின் பெயரில் வந்த செய்தியாக இருந்தாலும் கொடுக்க வேண்டாம். அவருடைய கணக்கும் திருடப்பட்டிருக்கலாம். வட்ஸ்அப்பில் இரட்டைப் பூட்டாக ஓர் இரகசிய இலக்கம் போடும் வசதி உண்டு. வீட்டில் உள்ள இளையவர் ஒருவரிடம் சொல்லி அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வளைகுடாவிலிருந்து திரும்புவோர். அங்கு வேலை முடித்து நிரந்தரமாக ஊர் திரும்புபவரின் அந்நாட்டு சிம் பின்னர் செயலிழந்துவிடும். வட்ஸ்அப்பும் வங்கிக் கணக்கும் அந்த எண்ணில் இருந்தால் கதவு அடைபட்டுவிடும். விமானம் ஏறுமுன், அந்த சிம் வேலை செய்யும்போதே, வட்ஸ்அப்பில் உள்ள "எண்ணை மாற்று" வசதியால் இலங்கை எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய எண் நாளை வேறொருவர் கைக்குப் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்றே செய்யக்கூடியவை

எண்ணைப் பெயர்க்கும் எண்ணம் இல்லாதவருக்கும் இந்தக் கட்டுரையில் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் எண் உங்கள் பெயரில் இருக்கிறதா?

இடம்பெயர்ந்த காலத்தில் அவசரத்துக்கு வாங்கிய சிம்கள் பல, கொமினிகேஷன் கடைக்காரரின் பெயரிலோ, உதவிக்கு வந்தவரின் பெயரிலோ, இப்போது வெளிநாடு போய்விட்ட மருமகனின் பெயரிலோ இருக்கின்றன. சிம் வேலை செய்யும்வரை இது தெரியாது. போன் கடலில் விழுந்த அன்றுதான் தெரியவரும். அதே எண்ணில் புதிய சிம் கேட்டுக் கிளைக்குப் போனால், "பதிவில் உள்ளவரை அழைத்து வாருங்கள்" என்பார்கள். அவர் எங்கே இருக்கிறாரோ? பேமிட் இல்லாமல் வயல் செய்தவரின் நிலைதான் அப்போது எமக்கும்.

ஆகவே தேசிய அடையாள அட்டையோடு கம்பனியின் கிளைக்குச் சென்று பதிவை விசாரியுங்கள். வேறொருவர் பெயரில் இருந்தால், அவர் ஊரில் இருக்கும்போதே அவரையும் அழைத்துச் சென்று உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் இது இன்னும் முக்கியம். இறந்துபோன கணவரின் பெயரிலுள்ள எண்ணுக்கே காணி அலுவலகத்தின் அழைப்பு வருகிறது என்றால், மரணச் சான்றிதழோடு சென்று அந்த எண்ணைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். பேமிட் காணிக்குப் பின்னுரித்தாளரை நியமிக்கிறோம். குடும்பத்தின் எண்ணுக்கும் அந்த அக்கறை வேண்டும்.

முற்கொடுப்பனவு சிம்மை மாதக்கணக்கில் ரீலோட் செய்யாமல் போட்டுவைக்க வேண்டாம். நீண்ட நாள் பாவிக்காத எண்ணைக் கம்பனி திரும்ப எடுத்துக்கொள்ளும். அலுவலகங்களில் ஒரு எண்ணோடு நிற்காமல், நம்பிக்கையான உறவினர் ஒருவரின் எண்ணையும் இரண்டாவதாக எழுதிக் கொடுங்கள். எந்தெந்த அலுவலகத்தில் எந்த எண் கொடுத்தோம் என்பதை ஒரு கொப்பியில் எழுதி, காணிப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். எண் மாற நேர்ந்தால் அந்தக் கொப்பியைப் பார்த்து ஒவ்வொரு இடத்துக்கும் அறிவிக்கலாம்.

இவை சிறு வேலைகள். ஒரு காலை நேரமும் பஸ் காசும் போதும். ஆனால் பல வருடம் காத்திருந்த நட்டஈட்டுக்கோ, மீளக் கிடைக்கவேண்டிய காணிக்கோ அழைப்பு வரும் நாளில், மறுமுனையில் வேறொருவர் எடுத்து "அப்படி ஒருவரும் இங்கே இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது. காணியைத் திரும்பப் பெறுவது பல பேரின் கையில் இருக்கிறது. எண்ணைக் காப்பது எமது கையிலேயே இருக்கிறது. இந்த வாரமே அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு கிளைக்குப் புறப்படுங்கள். போகும்போது பக்கத்து வீட்டு உம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள்.